வாக் ஓவரில் வாங்கிய தட்டு

எங்கள் யூனிட் ஆபீஸ் சுவரில் பீங்கான் தட்டுகள் வரிசையாக மாட்டியிருக்கும். வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த வருஷம் எங்கள் டென்னிஸ் போட்டியில் ஜெயித்தவர் பெயர் நீல எழுத்தில் எழுதிச் சுட்டிருக்கும். ஐந்தாவது தட்டில் இருப்பது என் பெயர். சரக்கு எடுக்க வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "டென்னிஸ் வேற ஆடுவீங்களா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்காகவே அவர்களைச் சுவருக்கு எதிரில் உட்கார வைப்பேன். இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

அந்தத் தட்டு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதி சொல்லியிருக்கிறேன். எனக்குச் சாதகமான பாதி.

எனக்கு விம்பிள்டன் பைத்தியம். விருத்தாசலத்தில் ஃபியூஸ் கேரியர் செய்து பிழைக்கிறவனுக்கு அது எதற்கு என்று என் மனைவி கேட்காத ஜூலை மாதம் கிடையாது. ஃபியூஸ் கேரியர் என்றால் மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை. கரண்ட் போனால் பிடுங்கி, கம்பி சுற்றி, மறுபடி செருகுவோமே, அதுதான். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு அதில்தான் சோறு. டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்தது முப்பது வயதுக்கு மேல். ஆனால் பள்ளிக்கூட நாளிலேயே டிவியில் அந்தப் பச்சைத் தரையையும் வெள்ளை உடுப்பையும் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். எந்த வருஷம் யார் சாம்பியன், எதிரில் ஆடியது யார், எத்தனை செட் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆண்களுக்குக் கோப்பை, பெண்களுக்குத் தட்டு. ஆட்டம் முடிந்து சாம்பியன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒருவர் உட்கார்ந்து பெயரைச் செதுக்கத் தொடங்கிவிடுவார். அதைக் காட்டும்போதெல்லாம் மனைவியைக் கூப்பிடுவேன். "சாம்பார் கொதிக்குது" என்பாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஒருநாள் ஆசை முற்றிப்போயிற்று. யூனிட்டுக்குப் பின்னால் உடைந்த பீங்கானைக் கொட்டிவைத்த காலி இடம் இருந்தது. அதைச் சுத்தம் செய்து புல்தரை போட்டேன். சித்திரையில் ரோட்டுத் தார் உருகும் ஊரில் புல்தரை. வண்டல் மண் அடித்து, அறுகம்புல் பதித்து, காலையும் மாலையும் போர் தண்ணீர் விட்டேன். தொழிற்பேட்டையே சிரித்தது. புல் வந்ததும் ஆடு வந்தது. ஆட்டுக்கு வேலி போட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் வேலிக்குள் ஆட்கள் புகுந்து, பின்கோட்டு ஓரமாகக் கத்தை கத்தையாக அறுகு கிள்ளிக்கொண்டு போனார்கள். பிள்ளையாருக்கு என்று சொல்கிறவர்களை என்னவென்று திட்டுவது? லண்டனில் ஒரு சாம்பியன் ஜெயித்ததும் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வார். எங்கள் ஊர் ஆடுகள் ஜெயிக்காமலே தின்றன.

கோடு போட சுண்ணாம்பு வாங்கவில்லை. அச்சில் ஊற்றக் கரைத்து வைக்கும் வெள்ளைக் களிமண் கூழ் தினமும் கொஞ்சம் மிஞ்சும். அதைத் தொட்டுக் கோடு போட்டோம். காய்ந்தால் பளிச்சென்று இருக்கும்.

விதைக்கடைக்காரர், பல் டாக்டர், பேங்க் அதிகாரி, காலேஜ் வாத்தியார் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். லண்டனில் ஆண்கள் பைனல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பைனல். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து அந்த பைனலை டிவியில் பார்ப்போம். சட்டதிட்டமெல்லாம் அங்கேயிருந்து இறக்குமதி. முதல் சட்டம் வெள்ளை உடுப்பு. தொப்பி முதல் சாக்ஸ் வரைக்கும் வெள்ளை. வாசலில் நின்று நானே சோதனை போடுவேன். ஒரு வருஷம் பல் டாக்டர் சிவப்புக் கோடு போட்ட சாக்ஸோடு வந்துவிட்டார். கழற்றச் சொல்லி, வெறுங்காலில் ஷூவை மாட்ட வைத்தேன். அவருக்குக் காலில் கொப்புளம் கிளம்பியதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இரண்டாவது சட்டம் தட்டு. ஜெயித்தவர் பெயரை மறுநாளே பீங்கான் தட்டில் எழுதிச் சுட்டுவிட வேண்டும். எழுதுவது எங்கள் கிளேஸ் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். ஒருமுறை சுட்ட சாமானைக் கண்ணாடிப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுப்பதுதான் அவள் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் இந்த வேலையும் அவளிடம் போயிற்று. எழுதும்போது மை சாம்பல் கறுப்பாகத்தான் இருக்கும். பூச்சு ஏற்றி மறுபடி சுட்ட பிறகுதான் நீலமாகும். அதற்குப் பிறகு எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. தட்டையே உடைத்தால்தான் உண்டு.

அவள் ஸ்கூலில் வளையப் பந்து ஆடியவள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் எறிவதும் அது தரையில் விழாமல் பிடிப்பதுமான ஆட்டம். அதில் மாவட்ட அளவில் ஆடியிருக்கிறாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஒருநாள் காலையில் எனக்கு ஜோடி வரவில்லை. மட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள் வேலி ஓரம் நின்று, "நான் ஆடட்டுங்களாண்ணா?" என்றாள்.

புல்தரையில் பந்து எழும்பாது. விழுந்த இடத்திலிருந்து முழங்காலுக்குக் கீழேயே சறுக்கிக்கொண்டு வரும். நாங்களெல்லாம் இடுப்புயரத்துக்கு வரும் என்று காத்திருந்து கோட்டை விடுவோம். அவள் வளையம் பிடித்த பழக்கத்தில் முழங்காலை மடக்கிக் கீழேயே போய் அள்ளினாள். ஒரு மாதத்தில் என் சர்வீஸைத் திருப்பினாள். நாலாவது மாதம் ஒரு காலையில் ஆறுக்கு இரண்டு என்று என்னை அடித்தாள். டீ குடிக்கும்போது, "சும்மா வெளையாட்டுக்கு ஆடுனேன், முழுசா அடிக்கல" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

அந்த வருஷப் போட்டிக்கு அவளும் பெயர் கொடுத்தாள். "பேர் எழுதறதே பேர் குடுக்குதா?" என்று விதைக்கடைக்காரர் சிரித்தார். முதல் சுற்றிலேயே போய்விடுவாள் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை. வெள்ளை உடுப்பு வேண்டும் என்று நான் கறாராகச் சொன்னபோது, "வெள்ளைக்கு எனக்கு என்னாண்ணா பஞ்சம்? சாயங்காலம் வூட்டுக்குப் போறப்ப தலையெல்லாம் வெள்ளதான்" என்றாள். பஜார் டெய்லரிடம் கொடுத்து வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேன்ட்டும் தைத்துக்கொண்டாள். முதல் சுற்றில் விதைக்கடைக்காரரை அனுப்பினாள். அவர் சிரிப்பு நின்றது. பிறகு வாத்தியார். பிறகு பேங்க் அதிகாரி. இன்னொரு பக்கம் நான் தட்டுத் தடுமாறி ஜெயித்து வந்தேன். பைனலில் அவளும் நானும்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரம், எழுத்தில்லாத தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தாள். "நாளைக்கு நான் ஜெயிச்சா என் பேர நானே எழுதிக்கலாமாண்ணா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, சட்டத்தில் இடம் உண்டா என்று நிஜமாகவே கேட்டாள். "தாராளமா எழுதிக்கோ" என்று சிரித்தேன். நான்கு வருஷமாக நடத்துகிறேன், என் பெயர் அந்தச் சுவரில் ஏறவே இல்லை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இந்த முறை விட்டால் இனி இல்லை என்று தெரியும்.

ஞாயிறு காலை ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பரப்பி, மைக் செட் வைத்தாயிற்று. சிறப்பு விருந்தினராக ஒரு அதிகாரி வந்திருந்தார். அவளுடைய அம்மா ஊரிலிருந்து பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். கிளேஸ் பிரிவுப் பெண்கள் ஒரே ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். சட்டம் போட்டவன் நான், போட்டியை நடத்துகிறவன் நான், ஆடுகிறவனும் நான், மைக்கைப் பிடித்தவனும் நான். இதில் என்ன தப்பு என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றுவதற்கு வாய்ப்பே இல்லை.

அவள் வந்தாள். மேலே வெள்ளைச் சட்டை. கீழே கருநீல டிராக் பேன்ட்.

"என்னம்மா இது? வெள்ள பேன்ட்டு எங்க?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் விட்டுருங்கண்ணா."

"ரூல்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"உங்ககிட்ட தனியா ஒரு வார்த்த பேசணும்."

மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே பேசினேன். "எதுவா இருந்தாலும் இங்கியே சொல்லும்மா. நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" கூட்டம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. "வெள்ள பேன்ட்ட ஆடு மேஞ்சிடுச்சா?" என்று கேட்டேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு அம்மா எழுந்து என்னிடம் வந்தார். அப்பா காலத்திலிருந்து கிளேஸ் பிரிவில் இருப்பவர். எல்லோருக்கும் அவர் அக்கா. முதலாளி என்றெல்லாம் பார்க்காமல் என்னைத் தம்பி என்றே கூப்பிடுவார். என் தோளைத் தொட்டுக் குனிய வைத்துக் காதில் சொன்னார்: "அது வூட்டுக்குத் தூரம் தம்பி. காலையிலதான் ஆச்சு. வெள்ளையப் போட்டுக்கினு இத்தன ஆம்பளைங்க முன்னால எப்படி ஓடும்? விட்டுரு தம்பி, ஆடட்டும்."

நான் ஊரில் சொல்லிவந்த கதையில் இந்த இடம் கிடையாது. ஒரே சத்தமாக இருந்தது, அக்கா ஏதோ சொன்னார், எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்றுதான் சொல்லிவந்தேன். பொய். ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. கல்யாணமாகி இருபது வருஷமானவன், இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவன், எனக்கு அது புரியாமல் போகுமா? புரிந்தது. புரிந்த அந்த நிமிஷத்தில் எனக்குள் என்ன வந்தது என்பதைத்தான் இத்தனை வருஷமும் மறைத்து வைத்திருந்தேன். அப்பாடா என்று இருந்தது. அவளைத் தோற்கடிக்க எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்த அப்பாடாவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. வெள்ளை உடுப்பின் கௌரவமும் கிடையாது, லண்டன் சம்பிரதாயமும் கிடையாது. ஆறுக்கு இரண்டு என்று வாங்கிய அடிதான் என் மனதில் இருந்தது.

மைக்கை எடுத்தேன். "அஞ்சு நிமிஷம் டைம். வெள்ளை உடுப்போட வரலன்னா வாக் ஓவர்" என்று அறிவித்தேன். அதாவது, ஆடாமலே எனக்கு ஜெயம்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தாள். செருப்புக்கு மாறினாள். ஐந்து நிமிஷம் முடிவதற்குள் அந்தப் பெண்கள் எல்லோரும் அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார்கள். அதிகாரி என் கையைக் குலுக்கி, "இப்படித்தான் கண்டிப்பா இருக்கணும்" என்றார். அன்று சாயங்காலம் லண்டன் பைனலை ஒரு குறையுமில்லாமல் பார்த்தேன். தட்டு நிறைய வெங்காய பஜ்ஜியும் தின்றேன்.

திங்கட்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கையைக் கழுவிவிட்டு, மேஜைமேல் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "பேருக்கு முன்னால இனிஷியல் போடணுங்களாண்ணா?" வேண்டாம் விடும்மா என்று சொல்ல அப்போதுகூட நேரம் இருந்தது. இன்னும் சுடவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். "போடும்மா" என்றேன். பக்கத்தில் நின்று, அவள் எழுதி முடிக்கும் வரை பார்த்தேன். ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. "நல்லா வந்திருக்குது" என்று வேறு சொன்னேன். அடுத்த மாதம் வரை வேலைக்கு வந்தாள், ஆனால் அதற்குப் பிறகு வேலிக்குள் கால் வைக்கவில்லை. பிறகு தொழிற்பேட்டையின் அந்தக் கடைசியில் இருக்கும் வேறொரு யூனிட்டுக்குப் போய்விட்டாள்.

சில வருஷம் கழித்து ஒரு ஜூலையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். விம்பிள்டனில் வெள்ளைச் சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள், பெண்கள் பாவாடைக்குள் அடர்ந்த நிறத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மாதவிலக்கு நாளில் வெள்ளையில் ஆடுவது எவ்வளவு பயமும் அவஸ்தையும் என்று ஆடுகிற பெண்களே கேட்டு வாங்கிய மாற்றம். சாம்பியன்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அடுப்படியிலிருந்து வந்த மனைவி நின்று கேட்டாள்.

"இதுக்குத்தான அந்தப் பொண்ண வெளிய அனுப்புனீங்க?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"லண்டன்காரங்க சொன்னாத்தான் தெரியுமா? வூட்டுல மூணு பொம்பளைங்க இருக்கோம்" என்றாள். அவளுக்கு யார் எவ்வளவு சொல்லியிருந்தார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பஜாரில் அரைக்கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு அந்த யூனிட்டுக்குப் போனேன். இப்போது அவள் அங்கே சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. இன்சுலேட்டர்கள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு விஷயம் எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொய். அவள் கோபப்படவில்லை.

"அக்காவ உங்ககிட்ட அனுப்புனதே நான்தாண்ணா."

ஸ்வீட் பெட்டியைச் சுற்றியிருந்த நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாய் திறந்தது. "நீ ஜெயிச்சிடுவேன்னு பயந்துட்டேம்மா. அதான்."

"தெரியும்ண்ணா."

"மன்னிச்சிடும்மா."

அவள் அலமாரியில் சாய்ந்திருந்த ஒரு இன்சுலேட்டரை நிமிர்த்தி வைத்தாள். "எங்க ஊர்ல இன்னமும் என்னைய ரூல்ஸு மீறிட்டு வெளிய போன பொண்ணுன்னுதான் சொல்றாங்க. என்னா தப்பு பண்ணுனா உன் பொண்ணுன்னு எங்கம்மாவ இன்னிக்கும் கேக்கறாங்க. அவங்களால பதில் சொல்ல முடியுமா?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கு மைக்குல சொன்னீங்க. இத மட்டும் ஏண்ணா தனியா வந்து சொல்றீங்க?"

ஸ்வீட்டை வாங்கிக்கொண்டாள். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். குடித்தேன். சொல்லிவிடுகிறேன் என்று வாசலில் வைத்து அவளிடம் வாக்கும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த போட்டியில் மழை வரும்போல இருக்கிறது என்று சாக்குச் சொல்லிச் சீக்கிரம் முடித்துவிட்டேன். போன ஜூலையில் அப்படி விடக்கூடாது என்று, சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மைக் என் கையில்தான் இருந்தது. வந்தவர்களை வரவேற்றேன். இந்த வருஷம் முதல் பெண்களுக்கு உடுப்பில் நிறக் கட்டுப்பாடு இல்லை என்று அறிவித்தேன். பலமாகக் கை தட்டினார்கள். காலத்துக்கேற்ற முடிவு என்று பேங்க் அதிகாரி எழுந்து என்னைப் பாராட்டினார். கடைசி வரிசையில் கிளேஸ் பிரிவுப் பெண்களோடு அக்கா உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றி சொல்லிவிட்டு மைக்கைப் பல் டாக்டரிடம் கொடுத்தேன்.